தேய்மானம் பார்க்கிறவள்

ஊரில் எல்லாரும் பழசைப் புதுசாக்கத்தான் காசு கொடுப்பார்கள். ஈப்போ புந்தோங்கில் இருக்கும் தினேஸ்வரிக்கோ புத்தம் புதுசைப் பழசாக்கிக் கொடுக்கக் காசு வருகிறது. இதைக் கேட்டு அவளுடைய சொந்தக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் நம்பாமல் நேரில் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். பின்னே என்ன, முப்பத்தெட்டு வயதுக்காரி, இஸ்திரிப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மையின் முழங்காலில் சேறு பூசிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அந்தப் பொம்மைகள் எல்லாம் மேசை விளையாட்டுகளோடு வருபவை. தாயமும் பரமபதமும் ஆடி வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். ஒரு பெட்டியைத் திறந்தால் எண்பது, நூறு ஆட்கள் இருப்பார்கள். வாள்காரன், படகுக்காரி, கவச உடுப்புப் போட்டவன், கழுதை மேய்க்கிறவன், எல்லாரும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். நாலு பேர் உட்கார்ந்து நாலு மணி நேரம் ஆடுவார்கள். சாம்பலை வைத்து ஆட மனசு வராதவர்கள் பெட்டியைத் தினேஸ்வரியிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இஸ்திரிப் பலகைதான் அவளுடைய பட்டறை. உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், நின்றுகொண்டே வேலை செய்யலாம். பின்னறை ஜன்னலைத் திறந்தால் எதிரே சுண்ணாம்புக்கல் மலை. மழை விட்டதும் அந்த மலை இடுப்பு வரைக்கும் மேகத்துக்குள் போய்விடும். அப்போது தினேஸ்வரியைக் கூப்பிட்டால் அவள் காதில் விழாது. பிரஷ் நுனி நகர்ந்துகொண்டிருக்கும், ஆள் மட்டும் எங்கேயோ போயிருப்பாள்.

நிறம் பூசுவதில் அவள் வேகம் பெரிய வேகம். பன்னிரண்டு பேரை வரிசையாக, பழைய மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டி நிறுத்துவாள். முதலில் எல்லாருக்கும் கறுப்பு. அது காய்ந்ததும் உச்சியிலிருந்து மட்டும் வெள்ளை, வெயில் எங்கே விழுமோ அங்கே மட்டும். அதற்கு மேல் நீர்த்த சாயம் ஒரே ஒரு பூச்சு. சாயம் தானாக ஓடிப்போய்த் துணி மடிப்பிலும் தாடிக்குள்ளும் தேங்கி நிழலாகிவிடும். மேட்டில் வெளிச்சம் நிற்கும். முடி காயவைக்கும் மெசினால் ஊதிவிட்டு அடுத்த ஆள். ஒருவனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் பழசாக்கும் கட்டம் வந்ததும் அவள் கை தானாக மெதுவாகிவிடும். அங்கே அவளை அவசரப்படுத்த யாராலும் முடியாது.

அந்த வித்தை அவளுக்கு வந்தது பண்டல் கடையில். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய உடுப்பு வந்து இறங்குமே, அந்தக் கடை. விமலா அக்காவின் கடையில் பதினாலு வருஷமாக மூட்டை பிரித்துத் தரம் பார்க்கிறவள் தினேஸ்வரி. ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் போதும், அதைப் போட்டவன் மேசையில் உட்கார்ந்து எழுதியவனா, வண்டி ஓட்டியவனா, எந்தக் கைப் பழக்கம், எந்தத் தோளில் பை மாட்டினான், எல்லாம் சொல்லிவிடுவாள். கைக்குழந்தைக்காரியின் சட்டை தோளில்தான் முதலில் வெளுக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவளுடைய அப்பாவின் சட்டைகூட அப்படித்தான். வலது முன்கையில் கறுத்துக் கெட்டியாகியிருக்கும், மற்ற இடம் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் யீ லிங் என்ற சீனப் பெண் அந்தக் கடைக்குள் வந்தாள். பழைய டவுனில், காப்பி குடித்துக்கொண்டே மேசை விளையாட்டு ஆடுகிற ஒரு கடை வைத்திருப்பவள். சுவரில் மாட்ட ஒரு பழைய பட்டாளத்துச் சட்டை வேண்டும் என்றாள். அவள் ஆசையாக எடுத்த சட்டையைத் தினேஸ்வரி வாங்கிப் பார்த்துவிட்டு, இது பழசு இல்லை, தொழிற்சாலையிலேயே தேய்த்து அனுப்பியது, பழசு என்றால் காலர் ஓரம் முதலில் போயிருக்கும் என்று மலாயில் சொன்னாள். வந்த வியாபாரத்தை விரட்டுகிறாளே என்று விமலா அக்கா முறைத்தாள். யீ லிங்கோ பைக்குள்ளிருந்து ஒரு சின்ன வாள்காரனை எடுத்து, இவனுக்கு எங்கே தேயும் என்று கேட்டாள். தினேஸ்வரி அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பொம்மை வந்தாலும் அதனிடம் அவள் விசாரணை வைக்காமல் விடுவதில்லை. காலையில் எழுந்ததும் நீ என்ன செய்கிறாய்? எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பாய்? மழை உன் தோளில் எந்த வழியாக இறங்கும்? கவசத்தில் துரு மேலிருந்து கீழேதான் கோடு போடும். கேடயத்தின் கீழ் ஓரம் தரையில் வைத்து வைத்துச் சிதைந்திருக்கும். படகுக்காரிக்கு முழங்கால் ஈரம் காய்வதே இல்லை. கழுதைக்காரனுக்குப் பாக்குப் போடும் பழக்கம் உண்டு, அதனால் இடது சட்டை ஓரத்தில் ஒரு துளி செம்பழுப்பு. அது யார் கண்ணுக்கும் தெரியாது. இவளுக்குத் தெரியும். சேறு மட்டும் எல்லாருக்கும் ஒரே சேறு. பனி கொட்டுகிற நாட்டுப் போர்வீரன் ஆனாலும் அவன் காலில் அவள் பிறந்து வளர்ந்த ஆயர் தாவார் எஸ்டேட்டுச் செம்மண்தான் ஒட்டியிருக்கும். எனக்குத் தெரிந்த சேறு அதுதான் என்பாள். யீ லிங்கின் வாடிக்கைக்காரர்கள் அதற்காகவே தேடி வந்தார்கள்.

அவளுடைய கணவன் சுரேன் ஷா ஆலாமில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை பஸ் ஏறி வருவான், ஞாயிறு மத்தியானம் திரும்புவான். வந்தால் சும்மா இருக்கமாட்டான். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு பிய்த்துப் பழுப்புச் சாயத்தில் தோய்த்து, பொம்மையின் ஓரங்களில் ஒற்றி ஒற்றி எடுத்தால் பெயின்ட் உதிர்ந்த மாதிரி தெரியும். அந்த வேலையை அவனிடம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு ஐந்தாவது நிமிஷம் பிடுங்கிக்கொள்வாள்.

"என்னங்க இது, தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒத்தி வச்சிருக்கீங்க? அம்மை வந்த மாதிரி இருக்கான்."

"எல்லாம் பழசுதானே லா. எங்க ஒத்துனா என்ன?"

"எல்லா எடமும் ஒண்ணாவா தேயும்? ஒங்க சட்டையில காலரும் ஜோப்பும் ஒரே நாள்லயா கிழியுது?"

சுரேன் சிரித்துக்கொண்டே அடுத்த பொம்மையை எடுத்து அதையும் அதே மாதிரி செய்வான். வேண்டுமென்றே செய்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. அவள் கோபப்படும்போது பார்க்க அவனுக்குப் பிடிக்கும்.

இவ்வளவு லேசான வீட்டில் ஒரே ஒரு விஷயம் மட்டும் லேசாகப் பேசக்கூடாதது. அது மோட்டார் சைக்கிள். தினேஸ்வரியின் தம்பி பவித்ரனும் சுரேனும் ஒன்றாகப் பந்து விளையாடி வளர்ந்தவர்கள், மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கடைசியில் உண்மையாகவே மச்சான் ஆனவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு சாயங்காலம், கோப்பெங்கிலிருந்து வேலை முடிந்து வரும் வழியில் பவித்ரனின் மோட்டார் சைக்கிள் ஒரு லாரியின் கீழே போய்விட்டது. இருபத்தாறு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தினேஸ்வரி கணவனை முனீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனாள். இனி மோட்டார் சைக்கிள் ஏறமாட்டேன் என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். அந்த வாரமே தன் வண்டியை மெங்லெம்புவில் ஒருவனுக்கு விற்றுவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. புருஷன் தூரத்தில் இருக்கிறான், பிள்ளை இல்லை, வீடு பழசு, எதற்கும் அவள் வாய் திறந்ததில்லை. அவன் அந்த வண்டியில் ஏறாமல் இருந்தால் போதும். சந்தில் எவனாவது திடீரென்று பிரேக் பிடித்தால் அவள் பிரஷ் அந்தரத்தில் நின்றுவிடும். புந்தோங்கில் குடியிருந்துகொண்டு மோட்டார் சைக்கிளுக்குப் பயப்படுவது ஆற்றங்கரையில் இருந்துகொண்டு தண்ணீருக்குப் பயப்படுகிற மாதிரி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை பயப்படுவாள். அப்புறம், என் ஆள் ஷா ஆலாமில் குளிர்சாதன அறைக்குள் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு பிரஷைக் கீழே இறக்குவாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் யீ லிங் ஒரு பெரிய வேலை கொண்டுவந்தாள். பினாங்குக்காரர் ஒருவருடைய ஐந்து பெட்டிகள், முந்நூற்றுப் பதினெட்டு ஆட்கள். தினேஸ்வரி பண்டல் கடையிலிருந்து நேராக வந்து பலகை முன்னால் நிற்பாள். துறைமுகம், சந்தை, சண்டை, ஓடிப்போகிற ஜனம் என்று ஒரு முழு ஊரே அந்தப் பின்னறைக்குள் குடிவந்துவிட்டது. ஒவ்வொருவனுக்கும் ஒரு காலை, ஒரு சாயங்காலம், ஒரு வலி. சுரேன் வந்து போன சனிக்கிழமைகளில்கூட அவள் பாதி அந்த ஊரில்தான் இருந்தாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. சுரேன் பன்னிரண்டு மணிக்கு வந்தான், மீன் கறியும் சோறும் சாப்பிட்டான், அசந்து தூங்கிவிட்டான். நாலு மணிக்கு வழக்கம் போல மழை பிடித்துக்கொண்டது. சாரல் வாசல் வரைக்கும் அடித்தது. நனைந்துவிடுமே என்று அவனுடைய சப்பாத்துகளை உள்ளே எடுத்து வைக்கப் போனாள். கறுப்புத் தோல், முனையில் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து.

எடுத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முனை, பக்கம், குதிகால், நாக்கு என்று ஒரு இடம் விடாமல் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தது. கீறல்கள் எல்லாம் ஒரே திசையில். உப்புத்தாள். அதுவும் நூற்றிருபது நம்பர் உப்புத்தாள். அதற்கு மேல் பழுப்புச் சாயத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்திருந்தது. அம்மை போட்ட சப்பாத்து. யாருடைய கைவேலை என்று கேட்கவே தேவையில்லை.

சிரித்துக்கொண்டிருந்தவள் மெதுவாக நிறுத்தினாள். ஒரு மனிதன் தன் சொந்தச் சப்பாத்தை எதற்காகப் பழசாக்குவான்?

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்து, பொம்மையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். இடது சப்பாத்தின் முனையில், கட்டைவிரலுக்கு மேலே, உப்புத்தாளுக்கு அடியில் இன்னொரு தேய்மானம் இருந்தது. அது பழசு. உண்மையான பழசு. தோல் பள்ளமாகி, அந்தப் பள்ளத்தில் கறுப்பு ரப்பர் மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது. வலதில் அது இல்லை. பண்டல் மூட்டையில் சப்பாத்துகளும் வரும். இப்படி இடது முனை மட்டும் போனதைப் பார்த்தால் விமலா அக்கா தனியாக ஒதுக்கிவிடுவாள். மோட்டார் சைக்கிள்காரன் சப்பாத்து, கியர் தண்டு உரசின இடம், விலை போகாது என்பாள்.

அந்த ஒரு அடையாளத்தை மறைக்கத்தான் மற்ற இடத்தையெல்லாம் தேய்த்திருக்கிறான். தன் மனைவியின் கண் முதலில் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தினேஸ்வரி சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளறையில் சுரேன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பிச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. முழுசாக இருக்கிறானே என்று காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை. எழுந்து, பலகையிலிருந்து பினாங்குக்காரரின் ஊரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் சப்பாத்துகளை வைத்தாள்.

அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பழசைப் புதுசாக்கும் வேலை. ஒற்றிய சாயத்தை ஈரத் துணியால் துடைத்தாள். கீறல்களில் கறுப்பை மெலிசாகக் கொடுத்து, ஊதிக் காயவைத்து, இன்னொரு தடவை கொடுத்தாள். மேலே பாலிஷ் போட்டுத் தேய்த்தாள். வெளியே மழை விட்டு மலை பாதிதான் தெரிந்தது. அவள் கை ஒவ்வொரு பொய்க் கீறலாக அடைத்துக்கொண்டே போக, மனசு வேறு எங்கேயோ சாலை சாலையாகப் போய்க்கொண்டிருந்தது. எந்தச் சாலை என்று தெரியாததால் எல்லாச் சாலையும் கோப்பெங் சாலையாகவே இருந்தது. முடித்தபோது சப்பாத்துகள் கடையிலிருந்து அப்போதுதான் வந்தவை போல மின்னின. இடது முனையில் இருந்த அந்தப் பள்ளத்தை மட்டும் அவள் தொடவில்லை.

ஞாயிறு மத்தியானம், பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். சுரேன் வாசலில் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"தினேஸ்."

"ம்."

"இது..."

"நீங்க தேச்சத எல்லாம் அழிச்சிட்டேன். அது ஒண்ணு மட்டும் நீங்க தேய்க்கல. அதான் விட்டுட்டேன்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். சப்பாத்தைக் கையிலேயே வைத்திருந்தான்.

"ஸ்டோர்ல மெசின் போட்டுட்டாங்க. இருவது பேர நிறுத்திட்டாங்க. நானும் நாலு எடம் போய்க் கேட்டேன், ஒண்ணும் கெடைக்கல. சாப்பாடு கொண்டு போய்க் குடுக்குற வேலன்னா மறுநாளே வான்னாங்க. செகன்ட் ஹேண்ட் மோட்டரு சைக்கிளு ஒண்ணு எடுத்தேன்."

"எத்தன நாளாச்சு?"

"அஞ்சு மாசம்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"சூடத்த அணச்ச கைய்யி இது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து சொல்றது?"

தினேஸ்வரிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அந்தக் குரலைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அதுவரை கேட்டதில்லை.

"அந்தச் சத்தியம் சாமிக்குப் பண்ணது இல்ல, எனக்குப் பண்ணது. முடியலன்னா எங்கிட்டயே வந்து திருப்பிக் குடுத்திருக்கலாம்ல? உப்புத்தாள் போட்டுத் தேச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க! நான் இங்க தெனமும் நீங்க குளுகுளுன்னு பொட்டி எண்ணுறீங்கன்னு நெனச்சுக்கிட்டு..."

அவள் அழுதாள். சுரேன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான், தொடப் பயந்தான்.

"விட்டுடுறேன் தினேஸ். இன்னையோட விட்டுடுறேன்."

"விட்டுட்டு?"

நாற்பது வயதுக்காரனுக்கு மறுநாளே வேலை கொடுக்க வேறு யாரும் காத்திருக்கவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு மணி பஸ் அவன் இல்லாமலே போய்விட்டது. அவள் மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி கலக்கி இரண்டு கோப்பையில் கொண்டுவந்தாள். ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவள் போலச் சொன்னாள்.

"ஓட்டுறதுன்னா இங்க வந்து ஓட்டுங்க. ஈப்போக்காரனும் சாப்பாட்டத் தாப்பாவ் கட்டி வாங்கித்தானே திங்கிறான்?"

"இங்க ஓட்டுனா நீ தெனம் பாக்கணும். ஒனக்குப் பயம் லா."

"பயந்துட்டுப் போறேன். அஞ்சு மாசம் நான் பயப்பட வேண்டிய நாள்ல எல்லாம் பயப்படாம பொம்மைக்குச் சேறு பூசிக்கிட்டு இருந்திருக்கேன். அது எனக்குப் புடிக்கல. இனிமே தெரிஞ்சே பயப்படுறேன்."

சுரேன் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். அவள் பிடிவாதம் அவனுக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் சின்ன லாரியில் வண்டி வந்து இறங்கியது. ஷா ஆலாமிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது தினேஸ்வரியின் உத்தரவு. சுரேன் அதைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி ஒதுங்கி நின்றான். அவள் ஜன்னலுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றாள். ஒன்பது வருஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் போனதில்லை. பிறகு செருப்பு மாட்டாமல் இறங்கி வந்தாள்.

பொம்மை என்றால் புட்டியோடு எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். இதைத் திருப்ப முடியாது, அவள்தான் சுற்றி வர வேண்டியிருந்தது. சுற்றச் சுற்ற அவளுக்கு வழக்கமான அந்த மயக்கம் வந்தது. இருக்கையின் பின்பாதி வெளுத்திருந்தது. உணவுக் கடைகளுக்கு வெளியே, நிழல் இல்லாத இடத்தில், ஆர்டர் வரும்வரைக்கும் அவன் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறான். பின்கம்பியில் சாப்பாட்டுப் பெட்டி உரசி உரசி வெள்ளிக் கோடு விழுந்திருந்தது. பாரமான பெட்டி, எப்போதும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே இருந்திருக்கிறது. கியர் தண்டு பளபளத்தது. ஹாண்டிலில் கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் வழுவழுவென்று ஆகியிருந்தது. மட்கார்டுக்கு உள்ளே சாம்பல் நிறச் சேறு, அவளுக்குத் தெரியாத ஊர்ச் சேறு. அவள் பார்க்காமல் போன ஐந்து மாசம் முழுக்க அந்த வண்டியின் மேலேயே இருந்தது. அவன் எத்தனை மழையில் நனைந்தான், எத்தனை வெயிலில் நின்றான் என்று அவளால் கிட்டத்தட்ட எண்ணிவிட முடிந்தது. பாவம், என்று அவளுக்குச் சத்தமாகவே வாயில் வந்துவிட்டது.

அப்படியே முன்சக்கரத்தைச் சுற்றி வலது பக்கம் வந்தாள்.

வலது பக்கம் புதுசாக இருந்தது.

வலது கண்ணாடி புதுசு. பிரேக் பிடி புதுசு. கால் வைக்கும் கட்டையின் ரப்பர் புதுசு. பக்கத்து மூடியில் பெயின்ட் ஒரு பொட்டு உதிராமல் இருந்தது. மற்ற எல்லாம் பழசான ஒரு வண்டியில் வலது பக்கம் மட்டும், வரிசையாக, தரையில் பட்டால் எது எது முதலில் படுமோ அது அது மட்டும் புதுசு.

அவள் நிமிர்ந்து சுரேனைப் பார்த்தாள். அவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். இந்த வெக்கையில். யோசித்துப் பார்த்தால் மார்ச் மாதத்திலிருந்தே அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முழுக்கைதான். ஏசியிலேயே இருந்து பழகிவிட்டது என்று சொன்னான், அவளும் சரி என்று துவைத்துப் போட்டாள். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஸ்டாக் கணக்கெடுப்பு என்று சொல்லி அவன் வராமலே இருந்தான். அன்றைக்கு அவளுக்கு வருத்தம்கூட இல்லை. துறைமுகத்து ஆட்கள் நாற்பது பேர் காய்ந்துகொண்டிருந்தார்கள், நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டாள்.

"எப்ப விழுந்த?" என்றாள். கல்யாணம் ஆகிப் பதினொரு வருஷத்தில் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"தினேஸ், அது ஒண்ணும் இல்ல லா, சின்ன..."

அவள் அவன் வலது கையைப் பிடித்துப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை மேலே சுருட்டினாள். முன்கையிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வழவழவென்று, இளஞ்சிவப்பாக, இன்னும் சரியாகத் தன் நிறத்துக்கு வராமல் இருந்தது. தையல் போட்ட புள்ளிகள் பதினொன்று. முழங்கை முட்டில் தோல் இழுத்துப் பிடித்திருந்தது. இந்தக் கையோடு ஐந்து தடவை வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். இந்தக் கையால்தான் ஸ்பாஞ்சைப் பிடித்து, அவளிடம் திட்டு வாங்கிச் சிரித்திருக்கிறான்.

முந்நூற்றுப் பதினெட்டுப் பேருடைய முழங்கையையும் உட்கார்ந்து யோசித்தவள், இந்த ஒரு முழங்கையைப் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கண்டுபிடித்துவிட்டதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்ததே, அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"நான் பாக்கலையே," என்றாள். "ஒன் பக்கத்துலதானே படுத்திருந்தேன். நான் பாக்கவே இல்லையே."

"நான்தானே மறச்சேன். நீ என்ன பண்ணுவ?"

அவள் அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். சந்தில் யாரோ ஒருவன் சர்ரென்று வண்டியில் போனான். அவள் திடுக்கிட்டாள், ஆனால் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கறாராகக் கேட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு எறங்கணும்?"

"பத்து மணிக்கு ஆர்டர் வர ஆரம்பிச்சிடும்."

"சாயங்காலம் வந்ததும் மொதல்ல எங்கிட்ட வரணும். கைய கால எல்லாம் காட்டணும். நான் பாத்து முடிச்சப்புறம்தான் சோறு. தெனமும்."

"தெனமுமா?"

"தெனமும்."

சுரேன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் சொல்லாமலே இடது கைச் சட்டையையும் தானாகச் சுருட்டிவிட்டு, அந்தக் கையையும் அவள் முன்னால் நீட்டினான். அவள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி, மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் அவசரப்படாமல் பார்த்தாள். அதில் காயம் ஒன்றும் இல்லை. வெயில் பட்டுக் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.